"என் இனம்தான் காரணம்"னு ஒருத்தர் சொன்னா, கேக்கறவங்களுக்குள்ள என்ன நடக்குது?

ஒரு கறுப்பின மாணவர் ஒரு டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்டாரு. ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா "நான் ஒழுங்கா எழுதலீங்க"ன்னும் சொல்லலாம், "திருத்தினவங்க என் நிறத்தைப் பாத்துதான் மார்க் போட்டாங்க"ன்னும் சொல்லலாம். 2001ல ஷெரில் கைசர், கரோல் மில்லர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல இந்தக் கதையை எடுத்து, அவர் சொல்ற பதிலை மட்டும் மாத்தி மாத்தி, பெரும்பாலும் வெள்ளைக்கார காலேஜ் பசங்ககிட்ட படிக்கக் குடுத்தாங்க. படிச்சுட்டு இந்த ஆளைப் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு கேட்டாங்க. அதோட இன்னொன்னும் சேத்தாங்க. திருத்தறவங்கள்ல யாருமே பாகுபாடு பாக்கறவங்க இல்லன்னு சிலருக்குச் சொன்னாங்க, பாதிப் பேர் அப்படிப்பட்டவங்கன்னு சிலருக்குச் சொன்னாங்க, அத்தனை பேருமே அப்படித்தான்னு மிச்சப் பேருக்குச் சொன்னாங்க. மூணாவது குரூப்பாவது அந்தப் பையன் பக்கம் நிக்கும்னுதானே நமக்குத் தோணும்? நிக்கல. பாகுபாடுன்னு வாயைத் திறந்த உடனே அவர் எதுக்கெடுத்தாலும் குறை சொல்ற ஆளா ஆயிட்டாரு, அங்க நூத்துக்கு நூறு பாகுபாடு இருக்குன்னு படிச்சவங்க கைல தகவல் இருந்தும்கூட. தப்பு என் மேலதான்னு ஏத்துக்கிட்டவருக்குத்தான் நல்ல பேர் கிடைச்சுது.

இதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. நம்ம எல்லாரும் சொல்ற ஒரு வாக்கியம் உண்டு, "ஆதாரம் காட்டட்டும், நான் முதல் ஆளா கூட நிக்கறேன்"னு. இங்க ஆதாரத்தை ஆய்வாளர்களே தட்டுல வச்சுக் குடுத்தாங்க, அப்பவும் ஆள் நிக்கல. அப்போ கேக்கறவங்க மனசு எடை போடறது புகார் நெசமா பொய்யாங்கறதை இல்ல. இந்த ஆள் நம்மாளா இல்லையா, இவர் பேச்சை ஒத்துக்கிட்டா எனக்கு என்ன ஆகும், இதுதான் முதல்ல ஓடுது, உண்மை பொய் எல்லாம் அதுக்கப்புறம்தான். இது ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டா இன அடையாளம், உதவி, ரெண்டைப் பத்தியும் வந்திருக்கற பல ஆய்வுகள் ஒரே கதையாத் தெரிய ஆரம்பிக்குது.

ஏன் இப்படிங்கறதுக்கு ஒரு காரணம் ரொம்ப நாளா பேசப்படறதுதான். உலகம் மொத்தத்துல நியாயமாத்தான் நடக்குது, உழைச்சவனுக்குக் கிடைக்கும், தப்பு பண்ணவன் படுவான்னு நம்பினாத்தான் நமக்கு ராத்திரி தூக்கம் வருது. மெல்வின் லெர்னர்ங்கற உளவியலாளர் 1960கள்லேர்ந்து இதைப் பத்தி எழுதினாரு, கண்ணெதிர்ல ஒருத்தர் அநியாயமா அடிபடறதைப் பாத்து நம்மால தடுக்க முடியலன்னா, அடிபடறவர் மேலயே ஏதாவது குறை கண்டுபிடிச்சுடறோம். கைசரும் அவரோட கூட வேலை செஞ்சவங்களும் 2006ல இதையும் சோதிச்சாங்க, உலகம் நியாயமானதுன்னு யார் ரொம்ப கெட்டியா நம்பறாங்களோ அவங்களுக்குத்தான் பாகுபாடுன்னு புகார் சொல்றவர் மேல எரிச்சல் ஜாஸ்தியா வந்துச்சு. நம்பிக்கையை ஆட்டிப் பாக்கறவன் மேல வர்ற எரிச்சல் அது.

இன்னொரு காரணம் இருக்கு, அதைப் பத்தி அவ்வளவா யாரும் பேசறதில்ல, ஆனா எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. பாகுபாடுங்கறது பல சமயம் தனி ஆளோட கண்ணுக்கு தெரியாது, கூட்டிப் பாத்தாத்தான் தெரியும். மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ ரெண்டு ஊர்லயும் 1300க்கு மேல வேலை விளம்பரங்களுக்கு கிட்டத்தட்ட 5000 ரெஸ்யூமே அனுப்பி 2004ல வெளியிட்ட ஆய்வு பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தகுதி, அனுபவம் எல்லாம் ஒரே மாதிரி, பேர் மட்டும் எமிலி, கிரெக்னு பாதி, லகீஷா, ஜமால்னு பாதி. வெள்ளைக்காரங்க பேர் வச்ச ரெஸ்யூமே 10 அனுப்பினா ஒரு கால் வந்துச்சு, கறுப்பினத்தவங்க பேர் வச்சதுக்கு 15 அனுப்ப வேண்டியிருந்துச்சு. இப்ப இதுல ஒரு ஜமால் இடத்துல இருந்து பாருங்க. அவருக்குத் தெரியறது ஒண்ணே ஒண்ணுதான், கால் வரல. கால் வராதது எமிலிக்கும் நிறைய தடவை நடந்திருக்கு. எந்தக் கம்பெனி பேரைப் பாத்து ஒதுக்குச்சு, எந்தக் கம்பெனிக்கு உண்மையாவே ஆள் தேவைப்படலன்னு அவரால எந்தக் காலத்துலயும் சொல்ல முடியாது. "நிறத்தாலதான்"னு சொன்னா "எப்படித் தெரியும்"னு கேப்பாங்க, அவர்கிட்ட பதில் இருக்காது, ஆனா 5000 ரெஸ்யூமேவையும் மேலேர்ந்து பாக்கறவங்களுக்கு பதில் தெளிவா இருக்கு. ஃபே கிராஸ்பிங்கற ஆய்வாளர் 1986ல இதையே வேற மாதிரி காட்டினாங்க, ஒரு கம்பெனில ஆண்களுக்கும் பெண்களுக்கும் என்ன சம்பளம்ங்கற விவரத்தை ஒவ்வொரு ஜோடியா காட்டினா பாக்கறவங்களுக்கு பெருசா ஒண்ணும் தப்பாத் தெரியல, அதே விவரத்தை ஒரே பட்டியலா மொத்தமாக் காட்டினா அநியாயம் பளிச்னு தெரிஞ்சுது. நம்ம வாழ்க்கைல இந்த விவரமெல்லாம் எப்பவும் ஒவ்வொண்ணாத்தான் வருது. அதனால ஒரு ஆளோட புகார் எப்பவுமே பலவீனமாத்தான் காதுல விழும், அது அந்த ஆளோட தப்பு இல்ல.

சரி, வெளி ஆளுங்க அப்படி, சொந்த ஆளுங்க எப்படின்னு கேட்டா, அங்கயும் சிக்கல்தான். 2005ல டோனா கார்சியாவும் இன்னும் சிலரும் ஆண் பெண் பாகுபாட்டை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுல புகார் சொன்னவரை அவரோட குரூப்பைச் சேர்ந்தவங்களுக்கே பிடிக்கல. இவர் தன் பொறுப்பை தட்டிக்கழிக்கறாரு, இதனால நம்ம எல்லாருக்கும் சேத்து கெட்ட பேர் வரும்ங்கற பயம். எந்த சிறுபான்மை சமூகத்துல வளர்ந்தவங்களுக்கும் இந்தக் குரல் பழக்கமானதுதான், "சும்மா இரு, அவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க"ங்கற குரல். இதோட ஒட்டினது இன்னொண்ணு, கிராஸ்பிதான் 1980கள்ல எழுதினது, வேலைக்குப் போற பெண்கள்கிட்ட கேட்டா "பெண்களுக்கு அநியாயம் நடக்குது"ன்னு ஒத்துக்கிட்டாங்க, "உங்களுக்கு?"ன்னு கேட்டா "எனக்கு அவ்வளவா இல்ல"ன்னாங்க. அவங்க சம்பளக் கணக்கு வேற சொல்லுச்சு. பின்னால பல இனக் குழுக்கள்லயும் இதே மாதிரி தெரிய வந்துச்சு. குரூப்புக்கு நடக்கறதை ஒத்துக்கறது சுலபம், தனக்கு நடந்துச்சுன்னு சொல்றது கஷ்டம், ஏன்னா அதுல ஒரு குறிப்பிட்ட ஆளைக் கை காட்ட வேண்டியிருக்கு, தான் ஒரு பாதிக்கப்பட்ட ஆளுன்னு தனக்கே சொல்லிக்க வேண்டியிருக்கு. ஆக "இந்தக் காலத்துல எதுக்கெடுத்தாலும் இனத்தை இழுக்கறாங்க"ன்னு சொல்றவங்க ஒண்ணைக் கவனிக்கணும், பெரும்பாலானவங்க இழுக்கறதே இல்ல, முழுங்கிடறாங்க.

இவ்வளவு நஷ்டம் இருந்தும் சில பேர் சொல்றாங்க, தன் இனத்தோட இன்னும் நெருக்கமாவும் ஆகறாங்க. அது எப்படின்னு புரிய ஹென்றி தாஜ்ஃபெல்ங்கற சமூக உளவியலாளர்கிட்ட போகணும். 1919ல போலந்துல பிறந்த யூதர், ஃபிரான்ஸுக்குப் படிக்கப் போனவர், ரெண்டாம் உலகப் போர்ல ஃபிரெஞ்சு ராணுவத்துல சேர்ந்து ஜெர்மன்காரங்ககிட்ட கைதியா மாட்டினாரு. யூதர்ங்கறதை மறைக்கல, ஆனா போலந்து யூதர்ங்கறதை மறைச்சு ஃபிரெஞ்சு யூதர்னு இருந்ததாலதான் உயிர் தப்பினாரு. காவலுக்கு இருக்கறவனோட எவ்வளவு நல்ல பழக்கம் இருந்தாலும் சரி, தான் எந்தக் குரூப்புன்னு தெரிஞ்ச நிமிஷம் அத்தனையும் அடிபட்டுப் போயிருக்கும்னு பின்னால அவர் சொன்னதாச் சொல்வாங்க. போர் முடிஞ்சு திரும்பி வந்தா வீட்டாள் ஒருத்தர் கூட மிச்சமில்ல. இவர்தான் அப்புறம் இங்கிலாந்தோட பிரிஸ்டல்ல 14, 15 வயசு ஸ்கூல் பசங்களை வச்சு, ரெண்டு ஓவியர்கள்ல யாரோட படம் உனக்குப் பிடிக்குதுன்னு கேட்டுப் பிரிக்கற மாதிரி பிரிச்சு, உண்மைல சும்மா சீட்டுக் குலுக்கற மாதிரிதான் பிரிச்சாரு, யாருக்கு எவ்வளவு பாயின்ட் குடுக்கறேன்னு கேட்டாரு. ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியாது, தனக்குன்னு ஒரு பைசா வராது, அப்பவும் பசங்க தன் குரூப்புக்குத்தான் ஜாஸ்தி குடுத்தாங்க, அதுலயும் மொத்தமா நிறைய கிடைக்கறதைவிட அடுத்த குரூப்பைவிட நம்ம குரூப்பு ஒசந்து நிக்கறதுக்கு முக்கியத்துவம் குடுத்தாங்க. ஒண்ணுமில்லாத ஒரு கோடு போட்டாலே "நாம, அவங்க" வந்துடுதுன்னா, ஒருத்தரை வாழ்நாள் முழுக்க நிறத்தை வச்சே பிரிச்சு நிறுத்தினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

அதைத்தான் 1999ல நைலா பிரான்ஸ்கோம்ப், மைக்கேல் ஷ்மிட், ரிச்சர்ட் ஹார்வி மூணு பேரும் 139 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்கிட்ட கேட்டுப் பாத்தாங்க. பாகுபாடு எங்கயும் இருக்குன்னு உணர்றது மனநிலையைக் கெடுக்குது, அது எதிர்பாத்ததுதான். ஆனா அதே உணர்வு தன் இனத்தோட பிடிப்பையும் கூட்டுது, அந்தப் பிடிப்பு மனசுக்கு ஒரு தாங்கலா இருந்து கெடுதல்ல கொஞ்சத்தை ஈடு கட்டுது. வெளில கதவைச் சாத்தினா உள்ள நெருங்கி உக்காந்துக்கற மாதிரி. கொஞ்சத்தைத்தான்னு அழுத்திச் சொல்றேன், ஏன்னா இதை வச்சு "பாத்தீங்களா, ஒதுக்கினா ஒத்துமை வருது"ன்னு யாராவது கெளம்பிடுவாங்க. 2014ல ஷ்மிட்டும் கூட இருந்தவங்களும் உலகத்துல வந்த ஏகப்பட்ட ஆய்வுகளை ஒண்ணாச் சேத்துப் பாத்தப்ப பாகுபாட்டை உணர்றது மனசுக்கு கெடுதல்தான்னு திரும்பவும் உறுதியாச்சு, தாங்கல் இருக்குங்கறதுக்காக அடி விழாம இல்ல.

இதுல ஒரு கொடுமையான சுத்து இருக்கு. ஒதுக்கறதால அடையாளம் கெட்டியாகுது, கெட்டியான அடையாளத்தைப் பாத்தா வெளி ஆளுக்கு இன்னும் ஒதுக்கத் தோணுது. கைசரும் ஜெனிஃபர் பிராட்-ஹயாட்டும் 2009ல காட்டினது இதைத்தான். என் இனம் எனக்கு ரொம்ப முக்கியம்னு சொல்ற சிறுபான்மையினரைப் பத்தி வெள்ளைக்காரங்க நினைக்கறது, அப்படியெல்லாம் பெருசா இல்லன்னு சொல்றவரைப் பத்தி நினைக்கறதைவிட மோசமா இருந்துச்சு. யாருக்கு சமூகத்தோட தாங்கல் அதிகம் தேவைப்படுதோ அவங்க அதைக் கைல எடுத்தா இன்னும் கொஞ்சம் அடி சேந்து விழுது.

இப்ப உதவிக்கு வருவோம். இங்க எனக்கு மறக்கவே முடியாத ஒரு சோதனை, சாமுவேல் கேர்ட்னர் நியூயார்க்கோட புரூக்ளின்ல பண்ணது, 1973ல வெளிவந்துச்சு. வீட்ல ஃபோன் அடிக்குது, எடுத்தா யாரோ ஒருத்தர் கராஜ்தானேன்னு கேக்கறாரு. ராங் நம்பர். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு, என் கார் நெடுஞ்சாலைல நின்னுடுச்சு, பப்ளிக் ஃபோன்ல போட கைல இருந்த கடைசி சில்லறையும் இதோட தீந்துபோச்சு, நீங்க எனக்காக அந்த கராஜுக்கு ஒரு கால் பண்ணிச் சொல்ல முடியுமான்னு கேக்கறாரு. பேச்சு வழக்கை வச்சு அவர் கறுப்பினத்தவரா வெள்ளைக்காரரான்னு ஃபோனை எடுத்தவருக்குத் தெரியும். கேர்ட்னர் கால் போட்டது ரெண்டு கட்சில பதிஞ்ச வெள்ளைக்காரங்களுக்கு, ஒண்ணு பழமைவாதக் கட்சி, இன்னொண்ணு லிபரல் கட்சி. கதையை முழுசாக் கேட்டவங்கள்ல பழமைவாதக் கட்சிக்காரங்க கறுப்பினத்தவருக்கு குறைவா உதவினாங்க, லிபரல்கள்கிட்ட அந்த வித்தியாசம் சின்னதா இருந்துச்சு. நல்லதுதானேன்னு நினைக்கற நேரத்துல இன்னொரு எண்ணைப் பாருங்க. உதவின்னு கேக்கறதுக்கு முன்னாடியே, ராங் நம்பர்னு தெரிஞ்ச உடனே ஃபோனை வச்சவங்க. லிபரல்கள்ல கறுப்பினத்தவர் பேசினப்ப 19 சதவீதம் பேர் அப்படி வச்சுட்டாங்க, வெள்ளைக்காரர் பேசினப்ப 3 சதவீதம். கேட்டுட்டு மாட்டேன்னு சொல்ல அவங்க மனசு இடம் குடுக்கல, அதனால கேக்கற கட்டத்துக்கே போகாம விலகிட்டாங்க. இதுலேர்ந்துதான், நான் இனவாதி இல்லன்னு மனசார நம்பற ஆளுக்குள்ள ஒளிஞ்சிருக்கற, அவருக்கே தெரியாத, விலகிப் போற வகை இனவாதம்னு ஒண்ணு இருக்குங்கற கருத்தை கேர்ட்னரும் ஜான் டொவிடியோவும் வளர்த்தெடுத்தாங்க.

அவங்க ரெண்டு பேரும் 1977ல வெளியிட்டதுல விஷயம் இன்னும் தெளிவாச்சு. பக்கத்து ரூம்ல ஒரு பெண் மேல நாற்காலிகள் சரிஞ்சு விழற சத்தம், அலறல். நான் மட்டும்தான் இதைக் கேட்டேன்னு நினைச்ச வெள்ளைக்காரப் பெண்கள்ல 94 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்ணுக்கு உதவ ஓடினாங்க, அடிபட்டது வெள்ளைக்காரின்னா 81 சதவீதம். இன்னும் சிலரும் கேட்டிருப்பாங்கன்னு நினைச்சப்ப வெள்ளைக்காரிக்கு 75, கறுப்பினப் பெண்ணுக்கு 38. வேற யாராவது போயிருப்பாங்கங்கற ஒரு சாக்கு கிடைச்சதும் கறுப்பினப் பெண்ணுக்கு ஓடி வந்த உதவில பாதிக்கும் மேல காணாம போயிடுச்சு, அந்தச் சாக்கு வெள்ளைக்காரி விஷயத்துல அவ்வளவா வேலை செய்யல. 2005ல டொனால்ட் சாசியரும் குழுவும் இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பாத்தப்பவும் இதேதான், மொத்தமாப் பாத்தா யாரும் பெருசா வித்தியாசம் காட்டல, ஆனா உதவ நேரம் பிடிக்கும், சிரமம், ஆபத்து இருக்கு, இல்ல விலகறதுக்கு ஒரு நியாயம் சொல்லிக்கலாம்னா அங்க கறுப்பினத்தவருக்கு குறையுது. இதை அந்த ஃபெயில் ஆன மாணவரோட சேத்து வச்சுப் பாருங்க. புகார் சொல்றவரைப் பத்தி "இவர் எப்பவும் குறை சொல்றவர்"னு ஒரு எண்ணம் வந்தா, உதவாம இருக்கறதுக்கு அதைவிட நல்ல சாக்கு வேற என்ன வேணும்?

நான் அங்க இருந்திருந்தா கண்டிப்பா கேட்டிருப்பேன்னு எல்லாருக்கும் தோணும், எனக்கும் தோணும். 2009ல கெரி கவாகாமி குழு கனடாவுல பண்ண சோதனை அந்த நினைப்பை அசைச்சுப் போட்டுது. ஒரு ரூம்ல நீங்க உக்காந்திருக்கீங்க, கூட ரெண்டு பேர், ஒருத்தர் வெள்ளைக்காரர், ஒருத்தர் கறுப்பினத்தவர், ரெண்டு பேருமே ஆய்வாளரோட ஆளுங்கதான், அது உங்களுக்குத் தெரியாது. கறுப்பினத்தவர் எதையோ மறந்துட்டேன்னு வெளில போறப்ப வெள்ளைக்காரர் முழங்கால்ல லேசா இடிச்சுட்டுப் போறாரு. அவர் போனதும் வெள்ளைக்காரர் ஒரு இனவாத வார்த்தை சொல்றாரு, சில சமயம் காதால கேக்கவே கூசற அளவுக்கு மோசமான வசையை. கொஞ்ச நேரத்துல அவர் திரும்பி வர்றாரு, ஆய்வாளரும் வர்றாரு, அடுத்த வேலைக்கு உங்க ஜோடி யார்னு கேக்கறாங்க. இதை வீடியோவுல பாத்தவங்ககிட்ட நீங்களா இருந்தா யாரைத் தேர்ந்தெடுப்பீங்கன்னு கேட்டதுக்கு 17 சதவீதம் பேர்தான் அந்த வெள்ளைக்காரரைச் சொன்னாங்க. ரூம்ல நேராவே இருந்தவங்கள்ல 63 சதவீதம் பேர் அவரைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. அவங்க மனசும் பெருசா நோகல, நோகும்னு வீடியோ பாத்தவங்க நினைச்சதுதான் மிச்சம். அதனாலதான் பிறகு யாராவது வந்து "அன்னிக்கு எனக்கு இப்படி நடந்துச்சு"ன்னு சொன்னா நமக்கு நம்ப முடியாமப் போகுது, அப்படி நடந்தா சுத்தி இருந்தவங்க சும்மாவா இருந்திருப்பாங்கன்னு நம்மளையே அளவுகோலா வச்சுக் கேக்கறோம், நம்ம வச்சிருக்கற அளவுகோலோ வீடியோ பாத்தவங்களோட அளவுகோல்.

நானும் அப்படிக் கேட்டவன்தான். கூட வேலை பாத்த ஒருத்தர் ஒரு மத்தியானம், ப்ரமோஷன் தனக்குக் கிடைக்காததுக்கு தான் எந்த இனம்ங்கறதுதான் காரணம்னு நினைக்கறேன்னு மெதுவாச் சொன்னாரு. நான் சொன்ன முதல் வார்த்தை "நிச்சயமாத் தெரியுமா?". அவர் ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு "இல்ல விடுங்க"ன்னு சொல்லி டிஃபன் பாக்ஸை மூடிட்டாரு. அதுக்கப்புறம் அவர் என்கிட்ட அதைப் பத்தி பேசவே இல்ல. நான் கேட்டது நியாயமான கேள்விதானேன்னு ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப புரியுது, எந்தத் தனி ஆளாலயும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைத்தான் நான் முதல் கேள்வியாக் கேட்டிருக்கேன்.

புகாரைக் கேட்ட உடனே பதிலுக்கு தன் கஷ்டத்தை எண்ண ஆரம்பிக்கறதும் உண்டு. டெய்லர் ஃபிலிப்ஸும் பிரையன் லோவரியும் 2015ல, வெள்ளைக்காரங்களுக்கு கிடைக்கற சாதகங்களைப் பத்தி படிக்கக் குடுத்த பிறகு வெள்ளைக்காரங்க தங்க வாழ்க்கைல பட்ட கஷ்டங்களை படிக்காதவங்களைவிட அதிகமா சொன்னதைக் காட்டினாங்க. அவங்க கஷ்டம் பொய்னு சொல்ல வரல, யாருக்கு இல்ல கஷ்டம், ஆனா இன்னொருத்தர் வலியைக் கேட்டதும் நம்ம வலி நினைவுக்கு வர்றது எப்பவும் இரக்கமா மாறறதில்ல, பல சமயம் போட்டியா மாறுது. அடிபட்ட குரூப்புக்கும் இது விதிவிலக்கு இல்ல. மைக்கேல் வோலும் பிரான்ஸ்கோம்பும் 2008ல வெளியிட்டதுல, செப்டம்பர் 11 தாக்குதலை நினைவுபடுத்தின பிறகு அமெரிக்கர்களுக்கு ஈராக் மக்களுக்கு நடந்ததைப் பத்தி குற்ற உணர்வு குறைஞ்சுது, யூதப் படுகொலையை நினைவுபடுத்தின பிறகு கனடா யூதர்களுக்கு பாலஸ்தீனர்களைப் பத்தின குற்ற உணர்வு குறைஞ்சுது. நாங்க பட்டவங்கங்கற நினைப்பு கையை நீட்டவும் வைக்கும், மடக்கவும் வைக்கும்.

எப்ப நீட்டும், எப்ப மடக்கும்ங்கறதுதான் எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் நெஞ்சுக்கு நெருக்கமான கேள்வி. மோரீன் கிரெய்கும் ஜெனிஃபர் ரிச்சசனும் 2012ல ஆசிய அமெரிக்கர்கள், லத்தீனோக்கள் (அமெரிக்காவுல இருக்கற லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்க)கிட்ட அவங்க இனத்துக்கு நடக்கற பாகுபாட்டைப் பத்தி படிக்கக் குடுத்தாங்க, படிச்சவங்களுக்கு கறுப்பினத்தவங்களோட நெருக்கம் கூடுச்சு, அவங்களும் நம்மளை மாதிரிதானேன்னு. அதே வருஷம் கிரெய்க் இன்னும் சிலரோட சேந்து வெள்ளைக்காரப் பெண்கள்கிட்ட பெண்களுக்கு நடக்கற பாகுபாட்டை நினைவுபடுத்தினாங்க, அங்க நெருக்கம் வரல, வேற இனத்தவங்க மேல பாரபட்சம்தான் கூடுச்சு. 2014ல வந்த ஆய்வுல, இனப் பாகுபாட்டைப் பத்தி படிச்ச சிறுபான்மை இனத்தவங்களுக்கு ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்கு ஆதரவு குறைஞ்சுது. பாருங்க, வலி ஒண்ணுதான். ஆனா இனம்ங்கற பெரிய வட்டம் ஒண்ணு கண்ணு முன்னால இருந்தப்ப இன்னொரு இனத்தவர் அதுக்குள்ள வந்தாரு, வலியோட வகை மாறினதும் வட்டம் மூடிக்கிச்சு. கிளாரிசா கோர்ட்லண்ட் குழு 2017ல இதைத் திருப்பிப் பாத்தாங்க. ரெண்டு குரூப்புக்கும் நடந்தது ஒரே மாதிரியான அநியாயம்னு வெளிப்படையா எடுத்துச் சொன்னா, அந்த மூடின வட்டமும் திறந்துச்சு. தானா நடக்கறதில்ல, யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கு.

வட்டம் எவ்வளவு சுலபமா நகரும்ங்கறதுக்கு மார்க் லெவின் குழு இங்கிலாந்துல பண்ண ஆய்வு ஒண்ணு இருக்கு, 2005ல வந்துச்சு, இனத்தைப் பத்தினது இல்ல, கால்பந்து. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களைக் கூப்பிட்டு, உங்க டீம் ஏன் பிடிக்கும்னு எழுதச் சொல்லிட்டு, அடுத்த பில்டிங்குக்கு நடந்து போகச் சொன்னாங்க. வழியில ஒருத்தர் ஓடி வந்து வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு கத்தறாரு. யுனைடெட் சட்டை போட்டிருந்தா 13 பேர்ல 12 பேர் உதவினாங்க, லிவர்பூல் சட்டைன்னா 10ல 3, சாதா சட்டைன்னா 12ல 4. அடுத்த தடவை எழுதச் சொன்ன கேள்வியை மட்டும் மாத்தினாங்க, உங்க டீமைப் பத்தி இல்ல, கால்பந்து ரசிகரா இருக்கறது என்னன்னு எழுதுங்கன்னு. இப்ப லிவர்பூல் சட்டைக்காரருக்கும் 10ல 7 பேர் உதவினாங்க. சாதா சட்டைக்காரர் மட்டும் அங்கேயே கெடந்தாரு, 9ல 2. ஒரு கேள்வியை மாத்தினதுல பரம எதிரி நம்மாளா ஆயிட்டாரு, ஆனா வட்டத்துக்கு வெளில ஒருத்தர் இருந்துக்கிட்டேதான் இருந்தாரு.

அப்போ பேசாம இருக்கறதுதான் புத்திசாலித்தனமான்னு கேட்டா, இல்ல. அலெக்ஸ் சோப், மார்கோ மாண்டெய்த் குழு 2006ல காட்டினது என்னன்னா, ஒரு கறுப்பினத்தவர் ஃபோட்டோவோட "இவர் தெருத் தெருவா சுத்தறாரு"ன்னு ஒரு வரி குடுத்தா பலர் சுற்றுலாப் பயணின்னு யோசிக்காம வீடில்லாதவர்ங்கற மாதிரி பதில் சொன்னாங்க. கூட வேலை செய்யற ஆள் மாதிரி ஒருத்தர் அது தப்புன்னு சுட்டிக்காட்டினா அவங்களுக்கு அந்த ஆள் மேல எரிச்சல் வந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் அந்த மாதிரி பதில்கள் குறைஞ்சுது. எரிச்சலும் வருது, மாற்றமும் வருது, ரெண்டும் சேந்தே வருது. யார் சொல்றாங்கங்கறதுல மட்டும் அநியாயமான ஒரு வித்தியாசம் இருக்கு. ஹெதர் ரசின்ஸ்கியும் சோப்பும் 2010ல பாத்தப்ப, ஒரே விஷயத்தை கறுப்பினத்தவர் தட்டிக்கேட்டா முரட்டுத்தனமா தெரிஞ்சுது, வெள்ளைக்காரர் கேட்டா ஏத்துக்கத் தோணுச்சு. ட்விட்டர்லயும் கெவின் மங்கர் 2017ல வெளியிட்டது அதேதான், இனவாத வசை எழுதற வெள்ளைக்காரங்களை தானியங்கிக் கணக்குகள் வச்சுக் கண்டிச்சுப் பாத்தாரு, நிறைய ஃபாலோயர் இருக்கற வெள்ளைக்கார முகம் சொன்னப்பதான் வசை குறைஞ்சுது. பாதிக்கப்பட்டவர் சொன்னா எடுபடாதது பக்கத்துல இருக்கறவர் சொன்னா எடுபடுதுன்னா, சொல்ற செலவு யாருக்குக் குறைவோ அவர் சொல்லட்டும். இப்ப அந்த மத்தியானம் திரும்பி வந்தா நான் நிச்சயமான்னு கேக்க மாட்டேன், என்ன நடந்துச்சுன்னு கேப்பேன், அந்த டிபார்ட்மென்ட்ல இத்தனை வருஷத்துல யார் யாருக்கு ப்ரமோஷன் வந்துச்சுன்னு ஒரு பட்டியல் போடுவோமான்னு கேப்பேன்.

சோக்டாங்கற அமெரிக்கப் பழங்குடி மக்களோட கதை ஒண்ணு இருக்கு, எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அமெரிக்க அரசு அவங்களை மிசிசிப்பிலேர்ந்து 1831ல கெளப்பி ஓக்லஹோமா பக்கம் துரத்துச்சு, வழியில குளிர்லயும் பசியிலயும் நோயிலயும் ஆயிரக்கணக்குல செத்தாங்க. 16 வருஷம் கழிச்சு, 1847ல, அயர்லாந்துல பஞ்சம்னு கேள்விப்பட்டு, தங்களுக்கே ஒண்ணுமில்லாத நிலைமைல 170 டாலர் சேத்து அனுப்பினாங்க. நிறம் வேற, மொழி வேற, நடுவுல ஒரு கடல். நிலத்தை இழந்து பட்டினி கெடக்கறவங்கங்கற ஒரே வட்டம்தான் மிச்சம் இருந்துச்சு, அதை அவங்க போட்டுக்கிட்டாங்க. அயர்லாந்தோட கார்க் மாவட்டத்துல மிடில்டன் ஊர்ல இப்ப அதுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு ஒசந்த ஒம்பது எஃகு இறகுகள் வட்டமா நிக்குது. 2020ல கொரோனா வந்து அமெரிக்கப் பழங்குடி மக்கள் தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் தவிச்சப்ப அயர்லாந்துலேர்ந்து பணம் கொட்டுச்சு, 1847க்காகன்னு எழுதி எழுதி அனுப்பினாங்க. அந்தப் பணம் போய்ச் சேந்தது சோக்டாவுக்கு இல்ல, நவாஹோ, ஹோபி மக்களுக்கு.